குதிரை என் பேரில் இல்லை, ஆனாலும் லாயத்துக்குள் கால் வைக்க முடியவில்லை

லாயத்துக்காரன் (பினாங்கு)
செவ்வாய், இரவு 11.40

வணக்கம். இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எப்போதும் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று தூக்கம் வரவில்லை, வீட்டில் பேசவும் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, நான் பார்த்துக்கொண்டிருந்த குதிரை செத்துப்போனது. 16 வயது. அதில் 12 வருடம் என் கையில்.

நான் சைஸ், லாயத்தில் குதிரையைப் பராமரிப்பவன். அப்பாவும் சைஸ்தான், தாத்தாவும் சைஸ்தான். பினாங்கு டர்ஃப் கிளப் 1864-இல் தொடங்கியது என்பார்கள். அதில் பாதிக் காலத்துக்குப் பத்து கந்தோங் என்ற இடத்துப் பந்தயத் திடலில் எங்கள் வீட்டு ஆள் யாராவது ஒருவர் சாணம் அள்ளியிருக்கிறார். இந்தக் குதிரை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தபோது அதற்கு 4 வயது. பந்தயப் புத்தகத்தில் பெரிய ஆங்கிலப் பெயர். லாயத்தில் நான் கூப்பிட்ட பெயர் செவலை. வந்த முதல் வருடமே அவனுக்கு வேர்வை நின்றுவிட்டது. நம் ஊர் புழுக்கத்தில் வெளிநாட்டுக் குதிரைகள் சிலவற்றுக்கு இப்படி ஆகும், டிரை கோட் என்போம். உடம்பு கொதிக்கும், மூக்கு விடைத்து மூச்சு வாங்கும், தோல் மட்டும் காய்ந்து கிடக்கும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பனிக்கட்டித் தண்ணீரில் சாக்கை நனைத்து முதுகில் போட்டு, இரண்டு காற்றாடி வைத்து, நான் பக்கத்தில் வாளியோடு உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு வருடத்தில்தான் அவன் என்னுடையவன் ஆனான் என்று நினைக்கிறேன்.

9 வயதோடு பந்தயம் முடிந்தது. முதலாளி விற்கவில்லை. செபராங் பிறையில் ஒரு சவாரி லாயத்தில் விட்டார். நானும் அவனோடு பாலம் தாண்டினேன். 2025-இல் இங்கே பந்தயமே நின்றபோது கூட்டாளிகள் பலருக்கு வேலை போனது. எனக்குச் செவலை இருந்தான்.

அன்றைக்கு நாலரை மணிக்குப் போனேன். தினமும் நான் கதவைத் திறந்ததும் என் தோளில் கிடக்கும் துண்டைப் பல்லால் இழுத்துக் கீழே போடுவான். அப்புறம்தான் மற்ற வேலை. அன்றைக்கு வரவில்லை. தொட்டியில் ராத்திரித் தீவனம் பாதி அப்படியே கிடந்தது. உடம்பெல்லாம் மரத்தூள். முன்னங்காலால் தரையைக் கீறினான், திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தான். தாடை எலும்பின் கீழே விரல் வைத்து நாடியை எண்ணினேன். 15 விநாடிக்கு 20 அடி. ஈறு செங்கல் நிறத்துக்குப் போய், பல் ஓரத்தில் நீலம் கட்டியிருந்தது.

முதலாளிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. டாக்டருக்கு அடித்தேன். அவர் வர ஒரு மணி நேரத்துக்கு மேல். அதுவரை நடத்திக்கொண்டே இருந்தேன். டாக்டர் கை விட்டுப் பார்த்துவிட்டுக் குடல் முறுக்கிக்கொண்டது என்றார். அறுவை என்றால் தெற்கே சிலாங்கூர் வரை லாரியில் ஐந்து மணி நேரம், தாங்க மாட்டான் என்றார். அப்போதுதான் முதலாளி எடுத்தார். "செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டாக்டர் ஊசி போட்டபோது கயிறு நான்தான் பிடித்தேன். விழுந்த பிறகு இரண்டு தடவை பெரிதாக மூச்சு இழுத்தான், பின்னங்கால் உதைத்தது. அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பத்து மணிக்கெல்லாம் மண்வாரி வந்து குழி மூடிவிட்டார்கள். சாயங்காலம் தொட்டியைக் கழுவச் சொன்னார்கள். மறுநாள் அதே கட்டத்தில் வேறு குதிரை.

மகன் சொல்கிறான், "அப்பா, அது உங்க குதிரையே இல்ல." தாளில் கையெழுத்துப் போட்டவர் முதலாளி. ஒரு நாளும் வந்து தொடாதவர். இருந்தும் உரிமை அவருக்குத்தானே. என் பேரில் இல்லாத ஒன்றுக்கு நான் இப்படி அழுவது சரிதானா? இன்னொன்றும் கேட்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் அவன் மெதுவாக மென்றதைப் பார்த்தேன். பார்த்தும் வீட்டுக்குப் போய்விட்டேன்.


செந்தூல் அக்கா (கோலாலம்பூர்)
புதன், காலை 6.15

தம்பி, படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்பாவும் சைஸ். இப்போது இரட்டைக் கோபுரம் நிற்கிற இடத்தில், ஜாலான் அம்பாங்கில், அப்போது குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகள். கொள்ளு வேகிற வாசனையும் குதிரை மூத்திர நெடியும் சேர்ந்து வருகிற வாசனை, அதுதான் எனக்கு அப்பா வாசனை. அவர் பார்த்த ஒரு கறுப்புக் குதிரைக்கு ஓட்டத்தில் கால் முறிந்து, திடலிலேயே திரை கட்டி மறைத்து முடித்துவிட்டார்கள். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் வேலைக்குப் போனார். அந்தக் காலத்து ஆண்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

அவர் இறந்த பிறகு அலமாரியைச் சுத்தம் செய்தோம். அடியில் ஒரு பழைய மைலோ டின். உள்ளே பிறப்புப் பத்திரம், அம்மாவின் தாலிச் சரட்டுத் துண்டு, அப்புறம் கறுப்பு முடியில் பின்னிய சாட்டை மாதிரி ஒன்று. வால் முடி. இரண்டு பக்கமும் சிவப்பு நூல் சுற்றி, மெழுகு வைத்து ஒட்டியிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார்.

அந்தக் குதிரையும் அவர் பேரில் இல்லை. அவர் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் ஆள் இல்லை. திரைக்குப் பின்னால் போய்த் தானே வெட்டியெடுத்திருக்க வேண்டும்.

நீங்கள் அழுவது சரியா என்று கேட்டீர்கள். எங்கள் அப்பா ஒரு தடவை எங்கள் முன்னால் அழுதிருந்தால் அவரை நான் இன்னும் கொஞ்சம் முன்பே தெரிந்துகொண்டிருப்பேன். உங்கள் மகனை உட்கார வைத்து, அந்த வேர்வை நின்ற வருடத்தை அவனிடம் சொல்லுங்கள். எங்களிடம் எழுதின மாதிரியே.


கால்நடை வைத்தியன் (ஈப்போ)
புதன், மதியம் 1.05

நான் கால்நடை மருத்துவர். பெரும்பாலும் மாடு, ஆடு. குதிரையும் பார்த்திருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குதிரையின் பெருங்குடல் வயிற்றுக்குள் பெரும்பகுதி கட்டில்லாமல் கிடக்கும் உறுப்பு. மீட்டர் கணக்கில் நீளம், அதற்குள் புளித்துக்கொண்டிருக்கும் புல்லும் வாயுவும். அது நகரும், சில சமயம் தன் மேலேயே திரும்பிவிடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால் உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு மேலே வழி கிடையாது. முழுதாக முறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும், சில மணி நேரத்தில் குடல் சுவர் சாக ஆரம்பிக்கும். நல்ல ஆரோக்கியமான குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரைதான் இதயத் துடிப்பு. நீங்கள் எண்ணியது 80. ஈறு நீலம். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் கதவைத் திறந்தபோதே அவன் வெகுதூரம் போய்விட்டான்.

சாயங்காலம் மெதுவாக மென்றதைப் பற்றி. 16 வயதுக் குதிரை மெதுவாக மெல்ல நூறு காரணம் உண்டு. பல் கூர்மையாகியிருக்கலாம், வெக்கையாக இருக்கலாம், புல் கட்டு பிடிக்காமல் இருக்கலாம். நேர்மையாகவே சொல்கிறேன்: அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் வந்து, வயிற்றில் காது வைத்து, குடல் சத்தம் இருக்கிறது என்று சொல்லி, ஒரு வலி ஊசி போட்டு, காலையில் பாருங்கள் என்று போயிருப்பேன். முறுக்கு விழுந்தது நடுராத்திரிக்குப் பிறகு என்றால் அதை யாரும் சாயங்காலமே பார்க்க முடியாது. ராத்திரி சாப்பாட்டில் பாதியைத் தின்றிருக்கிறானே, அதையும் யோசியுங்கள்.

அந்தக் கடைசி மூச்சும் உதையும். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்த ஊசி அளவுக்கு மீறிய மயக்க மருந்து. முதலில் மூளை அணைகிறது, அப்புறம்தான் கால் மடிகிறது. அவன் தரையைத் தொட்டபோது அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு வரும் மூச்சும் கால் உதையும் நரம்பின் வேலை, வலி இல்லை. ஊசிக்கு முன்பே இதைச் சொல்லி வைக்க வேண்டும். அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். என் தொழில்காரர்கள் சார்பில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

சீக்கிரம் புதைத்ததும் அவமரியாதைக்காக இல்லை. அந்த மருந்து உடம்பில் தங்கும், நாயோ பறவையோ கடித்தால் அதுவும் செத்துவிடும். நம் வெயிலில் தள்ளிப்போட முடியாது. ஆனால் உங்களை ஒரு பத்து நிமிடம் தனியாக விட்டிருக்கலாம். அது அவர்கள் தப்பு.


பட்டர்வொர்த் 77
புதன், இரவு 9.50

கோபித்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். 2021-இல் என் அண்ணன் கோவிட்டில் போனார். ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூடக் காட்டவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி நேராகச் சுடுகாடு. நாங்கள் வீட்டில் போன் திரையைப் பார்த்து அழுதோம். அதற்குப் பிறகு மிருகத்துக்காக மூன்று வாரம் வேலை ஓடவில்லை என்று படித்தால் எனக்கு நெஞ்சில் ஏதோ அடைக்கிறது. மனுசனுக்கே கிடைக்காத துக்கம் இது என்று தோன்றுகிறது. இவர் அழக்கூடாது என்று சொல்லவில்லை. எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.


கிள்ளான் அம்மா
புதன், இரவு 10.30

அண்ணனை இழந்த தம்பிக்கு என் ஆழ்ந்த அனுதாபம். அந்த வலி வேறு. ஆனால் துக்கம் என்பது ரேசன் அரிசி இல்லையே, இவருக்குக் கொடுத்தால் உங்களுக்குக் குறைந்துவிடும் என்பதற்கு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு 10 வயதில் சவாரி வகுப்பு. அவள் ஏறும் மட்டக்குதிரைக்குக் குளம்பில் வீக்கம் வந்து, நிற்கவே முடியாமல், ஒரு நாள் ஊசி போட்டுவிட்டார்கள். நான் மகளிடம், "கேமரன் மலைக்கு அனுப்பிட்டாங்க, அங்க குளிருக்கு நல்லா இருக்கும்" என்றேன். மூன்று மாதம் அந்தக் குதிரைக்குக் கேரட் படம் வரைந்து தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தாள். நானும் வாங்கி வாங்கிப் பைக்குள் வைத்தேன். அப்புறம் வகுப்பில் ஒரு பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். குதிரை செத்ததற்கு அழுததைவிட அந்தப் படங்களுக்காகத்தான் அதிகம் அழுதாள். இப்போது அவளுக்கு 19. இன்றும் நான் "ஒன்னும் இல்ல, சரியாப் போச்சு" என்றால், "கேமரன் மாதிரியா?" என்று கேட்கிறாள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாராவது இதைப் படித்தால், செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள். தூங்குகிறது, ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லாதீர்கள்.


லாயத்துக்காரன்
வியாழன், காலை 4.10

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். முதலில் மூளை அணைகிறது என்ற அந்த வரியை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

பட்டர்வொர்த் தம்பி, நீங்கள் கேட்டதில் தப்பில்லை. என் மாமாவும் அந்த வருடம்தான் போனார், அதே மாதிரி. நான் இரண்டையும் தராசில் வைக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மாமா போனபோதும் நாலரைக்கு லாயத்துக்குப் போக வேண்டியிருந்தது. துண்டை இழுத்துப் போட்டான். நான் அவன் கழுத்தில் முகத்தை வைத்து அழுதேன், நகராமல் நின்றான். நான் அழுதுகொண்டு போன இடமே அவன்தான். இப்போது போக இடம் இல்லை.

இன்னொரு சங்கடம். பக்கத்துக் கட்டத்தில் ஒரு பெட்டைக் குதிரை, சாம்பல் நிறம், அவனோடு ஏழு வருடம். தினமும் ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறது. தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வது?


சுங்கை பெசி லாயம்
வியாழன், காலை 7.20

அண்ணே, நான் இங்கே கோலாலம்பூர்ப் பக்கம் பந்தயக் குதிரைகள் பார்ப்பவன். முதலில் பெட்டைக் குதிரைக்கு வருவோம், அது உயிரோடு இருக்கிறது.

அவன் உடம்பை அதற்குக் காட்டினார்களா? காட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். முடிந்தால் பக்கத்துக் குதிரையைக் கொண்டுபோய் முகர விட வேண்டும். சில சமயம் சுற்றி வரும், மூக்கால் தள்ளும், கொஞ்ச நேரத்தில் தானே விலகிப் புல் மேயப் போகும். பார்க்காத குதிரைதான் தேடிக்கொண்டே இருக்கும், லாரியில் ஏற்றிப்போன கூட்டாளி திரும்பி வரும் என்று. அது கூப்பிடுவது அதற்குத்தான்.

இப்போது அது முடியாது. அதனால் கட்டத்தை மாற்றுங்கள், அவன் இருந்த பக்கத்துச் சுவரிலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டம் தெரிகிற இடமாகப் பார்த்து. தனியாக விடாதீர்கள். வேறு குதிரையோடு சேரவில்லை என்றால் ஆடு ஒன்று கட்டுங்கள், எங்கள் லாயங்களில் இன்றும் செய்வதுதான். உலர் புல்லைத் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள், வெறும் வயிற்றில் தண்ணீரும் குறைந்தால் அதற்கும் வயிற்று நோவு வரும். சாணம் எத்தனை குவியல் என்று எண்ணுங்கள். தீவனம் முழுசாகத் தொடவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள், துக்கம் என்று விட்டுவிட வேண்டாம். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து உங்களுக்கு. முதலாளியிடம் அவன் தலைக்கயிற்றைக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.


லாயத்துக்காரன்
வியாழன், பகல் 12.30

கேட்க வாய் வரவில்லை. சம்பளம் கொடுப்பவர். போனையே வைத்துவிட்டார் என்றேனே.


செந்தூல் அக்கா
வியாழன், பகல் 2.00

தம்பி, எங்கள் அப்பாவும் கேட்கவில்லை. அதனால்தான் ஒரு டின்னுக்குள் ஒளித்து வைத்தார். கேளுங்கள். இல்லை என்றால் இல்லை.


பட்டர்வொர்த் 77
வியாழன், இரவு 8.15

உங்கள் பதிலைப் படித்துவிட்டு இரண்டு மூன்று தடவை எழுதி அழித்தேன். எங்கள் அண்ணனின் கையைப் பிடிக்க ஆள் இல்லை, அதுதான் என்னை இன்னும் விடாமல் இருக்கிறது. நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அது பெரிய விஷயம். நான் நேற்று எழுதியதை எடுக்கவில்லை, ஏனென்றால் அதுவும் உண்மைதான். ஆனால் உங்களிடம் அதை எழுதியிருக்கக் கூடாது.

எங்கள் தாமான், அதாவது குடியிருப்புப் பக்கம் ஒரு மதுரை வீரன் கோவில் இருக்கிறது. வீரன் வெள்ளைக் குதிரை மேல் இருப்பார். அண்ணன் வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போவார். நாளைக்கு நான் போகிறேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றால் செவலை பேருக்கும் ஒரு விளக்கு வைக்கிறேன். குதிரைக்குச் செய்யலாமா கூடாதா என்று சாஸ்திரம் எனக்குத் தெரியாது, பூசாரியிடம் கேட்டுக்கொள்கிறேன்.


லாயத்துக்காரன்
வியாழன், இரவு 8.40

வையுங்கள் தம்பி. அண்ணன் பேர் சொல்லி முதலில் வைத்துவிட்டு அப்புறம் அவனுக்கு வையுங்கள். அவனுக்கு வெல்லம் பிடிக்கும். கொஞ்சம் போதும், பல்லுக்கு ஆகாது.


லாயத்துக்காரன்
ஞாயிறு, இரவு 9.25

கேட்டேன். நேற்றுச் சாயங்காலம் முதலாளிக்கு அடித்தேன். தலைக்கயிறு வேண்டும் என்றேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. தொடர்பு போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் கேட்டார், "கடைசியில் அவனுக்கு வலி இருந்ததா?"

டாக்டர் ஐயா இங்கே எழுதியதை அப்படியே சொன்னேன். ஊசிக்கு முன்பு வலி இருந்தது, பொய் சொல்லவில்லை. ஊசி போட்ட பிறகு இல்லை. முதலில் மூளை அணைகிறது, அப்புறம்தான் கால். அவர் மறுபடி பேசாமல் இருந்தார். அன்றைக்கு அவர் வெளியூரில் இருந்திருக்கிறார். வந்தால் பார்க்கத் தாங்காது என்றுதான் போனை வைத்தாராம். 12 வருடமாக ஒருநாளும் வந்து தொடாதவர் என்று இங்கே எழுதினேன். அது உண்மைதான், வந்ததில்லை. ஆனால் அவன் ஜெயித்த ஒரு பந்தயத்தின் படம் அவர் வீட்டில் மாட்டியிருக்கிறதாம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் அதில் நிற்கிறேனாம். எனக்குத் தெரியாது.

தலைக்கயிற்றை எடுத்துக்கொள் என்றார். லாடம் இருக்கிறதா என்று கேட்டார். போன மாதம் மாற்றியபோது கழற்றிய முன்னங்கால் லாடம் இரண்டும் ஆணியில் தொங்குகிறது. ஒன்று எனக்கு அனுப்பு, ஒன்று நீ வைத்துக்கொள் என்றார். இடது காலுடையது உள்பக்கம் தேய்ந்திருக்கும், அவன் அந்தப் பக்கம் சாய்த்துத்தான் வைப்பான். அதை நான் வைத்துக்கொண்டேன்.

மகன் இன்று என்னோடு லாயத்துக்கு வந்தான், நானாகக் கூப்பிடவில்லை. சாம்பல் குதிரையைக் கோடிக் கட்டத்துக்கு மாற்றினோம். ஆடு கிடைத்தது, 300 வெள்ளி, வாயாடி ஆடு. ராத்திரித் தீவனத்தில் முக்கால்வாசி போய்விட்டது. சாணம் ஐந்து குவியல். டாக்டர் நாளைக் காலையில் பல் பார்க்க வருகிறார், அதனால் நான் நாலு மணிக்கே போக வேண்டும்.